நனவுக்கும் கனவுக்கும் நடுவே

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்த மாணவப் பருவம் நம்மிற் பலருக்கு உண்டு. பரீட்சை நெருங்கிய மாதங்களில், வீட்டார் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, விறாந்தையில் அரிக்கன் லாம்பின் ஒளியிலே பாடங்களை உருப்போட்டுவிட்டு, கிழக்கு வெளுக்கும் வேளையில் "ஐந்து நிமிடம் மட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாயிற் சரிந்த அனுபவம் எளிதில் மறக்கக்கூடியதன்று. அவ்வாறு சரிந்த ஒரு காலையிலேதான், அறிவு அணையாமலே ஒருவன் கனவுக்குள் நடந்து செல்லலாம் என்பதை நான் முதன்முதலாகக் கண்டேன்.

கண்களை மூடியிருந்தேன், உறங்கிவிட்டேன் என்று சொல்வதற்கில்லை. கிணற்றடியில் துலா கிறீச்சிடும் ஓசையும், அம்மா வாளியை நிலத்தில் வைக்கும் ஓசையும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மூடிய இமைகளுக்குள்ளே, சற்றுமுன் நான் பார்த்துக்கொண்டிருந்த கேத்திரகணிதப் புத்தகத்தின் கோடுகள் மிதந்தன. அவை மெல்ல வளைந்தன. வளைந்தவை வயல் வரம்புகளாயின. வரம்புகளின் இருமருங்கும் நெல் அசைந்தது. அடுத்த கணம் நான் அந்த வரம்பொன்றின்மீது நின்றேன். உள்ளங்காலிலே பனியீரம் குளிர்ந்தது. "இது கனவு, நான் விறாந்தையிற் படுத்திருக்கிறேன்" என்ற எண்ணம் ஒரு கணமேனும் என்னை விட்டு நீங்கவில்லை. வியப்பு மேலிட எழுந்திருக்க முயன்றேன். கையும் காலும் அசைய மறுத்தன. நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்ற பாரம். கூவினேன், குரல் எழவில்லை. சிறிது நேரத்தில் எல்லாம் கலைந்து விழித்துக்கொண்டேன்.

நடந்ததை ஆச்சியிடம் சொன்னபோது, பேய் அமுக்கியிருக்கிறது என்று கூறித் திருநீறு பூசிவிட்டார். அதன்பின் நான் அதைப்பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் அஞ்சுவார்கள்; தோழர்கள் நகைப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஒல்லாந்து தேசத்து எழுத்தாளர் ஒருவரின் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தபோதே, நான் கண்டது பேயுமன்று, பொய்யுமன்று என்பதை உணர்ந்தேன்.

இரு முன்னோடிகள்

அந்த எழுத்தாளர் பிரெடெறிக் வான் ஈடன் (1860–1932). அவர் உளநோய்ச் சிகிச்சையில் ஈடுபட்ட மருத்துவர். அதேவேளை தம் நாட்டின் புகழ்பெற்ற நாவலாசிரியரும் கவிஞருமாவார். தாகூரின் படைப்புக்களை ஒல்லாந்த மொழியிற் பெயர்த்தவரும் அவரே. 1896ஆம் ஆண்டு முதலாகத் தம் கனவுகளைக் கூர்ந்து நோக்கிக் குறித்துவந்த அவர், 1898 தொடக்கம் 1912 முடிய உள்ள காலத்தில் ஒரு குறிப்பிட்ட வகைக் கனவுகள் 352ஐத் தனியாகப் பதிவு செய்தார். அவை யாவும், "நான் கனவு காண்கிறேன்" என்ற அறிவு கனவுக்குள்ளேயே நிலைத்திருந்த கனவுகள். 1913இல் இலண்டனிலுள்ள ஆன்மிக ஆராய்ச்சிச் சங்கத்தில் அவர் சமர்ப்பித்த கட்டுரையில் அவற்றுக்குத் 'தெளிந்த கனவு' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். நாம் இங்கே 'தெளிகனவு' என்று வழங்குவோம்.

கனவென்று தெரிந்தபின் அவர் அதனுள் நின்று சோதனைகள் செய்தார். ஒருமுறை மதுக்கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்துக் குத்தி உடைக்க முயன்றார். கிண்ணம் உடையவில்லை. சிறிது பொறுத்து மீண்டும் நோக்கியபோது அது உடைந்து கிடந்தது! மேடையிலே தன் முறை வந்ததை உணராது சற்றுப் பிந்தி வரும் நடிகனைப்போல அவ்வுடைவு தாமதித்து வந்ததாக அவர் எழுதுகிறார். கனவுலகம் எத்துணைத் திறமையுடன் புனையப்பட்டாலும் புனைவே என்பதை இதைக் காட்டிலும் நயமாக உணர்த்த இயலாது.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது அவர் குறித்த மற்றொரு வகை. உடல் நலமாக இருந்தும் மிகக் களைத்திருக்கும் வேளைகளில், உறக்கத்தின் முதற் கணத்திலேயே, இடையில் மறதி என்ற திரை விழாமல், நனவிலிருந்து நேரே அவர் கனவுக்குட் சென்றார். தாம் உறங்குவதையும், எங்கே உறங்குகிறார் என்பதையும் அறிந்தபடியே, மிதப்பது போன்ற உணர்வுடன் அதனுள் இருந்தார். இவ்வகைக் கனவுகள் தமக்கு அரிதாகவே வாய்த்தன என்கிறார்.

இவருக்கு முன்னரே பிரான்சில் ஒருவர் இவ்வழியிற் சென்றிருந்தார். அவர் ஏர்வே த சென் தெனி (1822–1892) என்ற பிரபு. சீன மொழியிற் பேரறிஞர். தாங் வமிசக் காலத்துக் கவிதைகளைப் பிரெஞ்சு மொழிக்குத் தந்தவர். பதின்மூன்று வயதிலே கனவுக் குறிப்புக்களை எழுதத் தொடங்கி இருபத்திரண்டு குறிப்பேடுகளை நிரப்பினார். கனவுகளைப்பற்றியும் அவற்றை நடத்தும் வழிகளைப்பற்றியும் அவர் எழுதிய நூல், ஆசிரியர் பெயரின்றியே 1867இல் வெளிவந்தது. புரொய்ட் தேடியும் கைக்கு எட்டாத நூல் அது. கண்ணை மூடியதும் தோன்றும் நிழலுருவங்களே தொடர்ந்து வளர்ந்து கனவாகின்றன. எண்ணத்துக்கும் கனவுக்கும் இடையே அறுபட்ட இடம் இல்லை என்பது அவர் கண்ட முடிபு. கேத்திரகணிதக் கோடுகள் வயல் வரம்புகளான கதையை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் வியந்திருக்கமாட்டார்.

ஐயமும் நிரூபணமும்

எனினும் இவையெல்லாம் சொந்தச் சாட்சியங்களே. "உறங்குகிறாயா?" என்று கேட்ட மாத்திரத்தில் "ஆம்" என்று ஒருவன் விடை கூறுவானாயின் அவன் உறங்கவில்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இந்த எளிய நியாயத்தையே தத்துவ நுட்பத்தோடு வளர்த்தெடுத்தவர் அமெரிக்க மெய்யியலறிஞர் நோர்மன் மல்கம். விற்கென்ஸ்ரைனின் மாணவரான அவர் 1959இல் வெளியிட்ட நூலில், 'நான் உறங்குகிறேன்' என்ற கூற்றை உறங்குபவன் பொருளுடன் கூறவே முடியாது என்று வாதித்தார். அவ்வாதம் உண்மையானால் தெளிகனவு என்பது சொல்லளவிலேயே முரண்பட்ட ஒன்றாகிவிடும்.

விடை தத்துவத்திலிருந்து வரவில்லை, கண்ணிலிருந்து வந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைற்மனும் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சி, உறக்கத்தின் சில பகுதிகளில் மூடிய இமைகளுக்குள்ளே கண்மணிகள் விரைந்து அசைகின்றன என்பதையும், அவ்வேளையில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் கனவையே கூறுகின்றனர் என்பதையும் காட்டிற்று. இதனைக் 'கண்ணசைவு உறக்கம்' என்போம். இந்த உறக்கத்திலே கை, கால், கழுத்து ஆகியவற்றின் தசைகள் யாவும் தளர்ந்து செயலிழந்துவிடுகின்றன. கண்ணின் தசைகளோ விடுதலையாக இருக்கின்றன.

அப்படியானால், சிறையிலிருப்பவன் சாளரத்தின் வழியே கைகாட்டுவதுபோல, கனவுக்குள் இருப்பவன் கண்ணாலே சைகை காட்டலாமல்லவா? இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் இதைச் செய்து பார்த்தார். 1975ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆம் தேதி காலையில், அலன் வேர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே, முன்னர் பேசிவைத்த முறையில் கண்களை இடமும் வலமுமாக அசைத்தார். மூளையலைகளைப் பதியும் கருவி அவர் உறங்குகிறார் என்று காட்டியது. கண்ணசைவைப் பதியும் எழுதுகோல் அவர் அறிவுடன் இருக்கிறார் என்று காட்டியது. கலிபோர்ணியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஸ்டீவன் லாபேர்ஜ் தனித்து இதே வழியைக் கண்டு, தம் முடிபுகளை 1981இல் வெளியிட்டார். நியாயம் தோற்றது என்று கூற வேண்டியதில்லை. உறக்கம் என்ற சொல்லுக்கு நாம் கொண்டிருந்த பொருள்தான் ஒடுங்கியது என்று தெரியவந்தது.

2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆராய்ச்சியாளர் ஒன்றுசேர்ந்து இன்னும் ஒரு படி சென்றனர். உறங்குபவரிடம் கேள்வி கேட்டுக் கனவுக்குள்ளிருந்தே விடை பெற்றனர். எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்கப்பட்ட ஓர் இளைஞர், இரண்டு முறை கண்களை அசைத்து விடை தந்தார். எல்லோரும் எப்போதும் சரியான விடை தந்தனர் அல்லர். பெரும்பாலான கேள்விகளுக்கு விடையே வரவில்லை. ஆயினும் வந்த விடைகள், இரு உலகங்களுக்கு இடையே ஒரு பாதை உண்டென்பதை ஐயமின்றி நாட்டின.

விடியலின் இரகசியம்

தம் தெளிகனவுகள் யாவும் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. இதற்கு ஒரு விலக்கும் இல்லை என்று வான் ஈடன் எழுதியிருந்தார். காரணம் அவருக்குத் தெரியாது; இன்று நமக்குத் தெரியும்.

இரவுறக்கம் ஒரே சீராக ஓடுவதன்று. ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக அது அமைந்துள்ளது. முன்னிரவுச் சுற்றுக்களில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. கண்ணசைவு உறக்கம் சில நிமிடங்களே. இரவு தேயத் தேய ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. கண்ணசைவு உறக்கம் நீள்கிறது. விடியற்காலையில் அது அரைமணி நேரமும் அதற்கு மேலும் நீடிப்பதுண்டு. ஆகவே, இரவு பத்து மணிக்குப் படுக்கும் ஒருவன் நனவிலிருந்து நேரே கனவுக்குட் புக முயல்வது வீண்முயற்சி. அவனுக்கும் கனவுக்கும் இடையே ஆழ்ந்த உறக்கம் என்ற அகழி கிடக்கிறது. நான்கு மணிக்கு எழுந்து, ஒரு மணி நேரம் அறிவை விழிக்கவைத்து, மீண்டும் படுப்பவனுக்கோ அகழி வற்றிவிட்டது. கண்ணை மூடினால் எதிரே கனவின் முற்றம்.

இதனை அறியாமலே நம் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். இன்று மேல்நாட்டு நூல்கள் விதிக்கும் முறையும் இதுவே: ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, அரைமணி முதல் ஒரு மணி வரை அமைதியாக விழித்திருந்து, பின்னர் மீண்டும் படுத்தல். விரைவு என்பது வேளையைப் பொறுத்தது, வித்தையைப் பொறுத்ததன்று.

நெஞ்சை அமுக்கிய பேயின் இரகசியமும் இதில் அடங்கும். கண்ணசைவு உறக்கத்தில் தசைகளைக் கட்டிப்போடுவது நம் மூளைத் தண்டு. கனவில் ஓடுபவன் பாயிலிருந்து எழுந்து ஓடாமற் காப்பது அக்கட்டே. அறிவு விழித்திருக்கக் கட்டு முந்திக்கொண்டால், அசைய முடியாமையும் மார்பின் பாரமும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. அதில் ஆபத்து இல்லை. அஞ்சாமல் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் அது தானே விலகும், அல்லது கனவாக மாறும். ஆச்சியின் திருநீறு என் அச்சத்தைத் தணித்தது. ஆகவே அதுவும் ஒருவகையிற் சரியான மருந்தே.

வாயிலில் நிற்கும் முறை

வேளை வாய்த்தாலும் வாயிலில் எவ்வாறு நிற்பது? உறக்கத்தின் வாயிலிலே முதலில் தோன்றுவன ஒளிப்புள்ளிகளும் கோடுகளும். பின் முகங்கள், நிலக்காட்சிகள், துண்டு துண்டான சொற்கள். இவற்றை ஆராய்ந்தவர்களில் வியன்னா நகரத்து ஹேர்பேட் சில்பெறர் இலக்கிய அன்பர்கள் அறிய வேண்டியவர். அவர் 1909இல் வெளியிட்ட அனுபவம் ஒன்று வருமாறு: தம் கட்டுரையொன்றில் கரடுமுரடான ஒரு பகுதியைத் திருத்த வேண்டுமென்று எண்ணியபடி கண்ணயர்ந்தார். உடனே, தாம் மரத்துண்டொன்றைச் சீவுளியால் இழைத்துக்கொண்டிருப்பதாகக் கண்டார். எண்ணம் மறைந்தது, உவமை மட்டும் எஞ்சி நின்றது. கவிஞன் முயன்று தேடும் உவமையை, உறக்கத்தின் வாயிலில் மனம் முயற்சியின்றியே தருகிறது.

இக்காட்சிகளைப் பிடித்து நிறுத்த முயன்றால் அவை கலைந்து விழிப்பு வந்துவிடும். அவற்றோடு அள்ளுண்டு போனால் அறிவு மங்கி வெறும் உறக்கமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, கரையில் அமர்ந்து ஆற்றைப் பார்ப்பவனைப்போல இருத்தல் வேண்டும். லாபேர்ஜ் கூறும் உபாயம் எளியது: "ஒன்று, இது கனவு, இரண்டு, இது கனவு" என்று மனத்துள் எண்ணிக்கொண்டே போதல். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறும். தவறிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கல் வேண்டும். ஒருநாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே, எண்ணுபவன் வேறோர் இடத்தில் நின்றுகொண்டிருப்பான். எனினும் இவ்வழி எல்லோருக்கும் எளிதன்று. லாபேர்ஜின் ஆராய்ச்சிக்கூடத்திற் பதிவான 76 தெளிகனவுகளில், நூற்றுக்கு 72 பங்கு, கனவு நடக்கும்போது இடையில் தெளிவு பிறந்தவை; எஞ்சியவையே நனவிலிருந்து நேரே புகுந்தவை.

கீழ்நாடுகளுக்கு இவ்வழி புதிதன்று. பதினொராம் நூற்றாண்டினராகிய நாரோபரின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில், தீபெத்தியர் கைக்கொள்ளும் கனவு யோகமும் ஒன்று. கண்டத்திலே மனத்தை நிறுத்தி, அறிவு அறாமல் உறக்கத்துட் புகுவது அதன் முறை. நம் சைவ சித்தாந்தமும் நனவு, கனவு, சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று அவத்தைகளை ஐந்தாக வகுத்து, நனவில் உயிருக்குப் புருவ நடுவையும் கனவிற் கண்டத்தையும் இடமாகக் கூறுகிறது. இரு மரபுகளும் கனவுக்குக் கண்டத்தையே சுட்டுவது கவனிக்கற்பாலது. ஆயினும் அவர்கள் நாடியது கனவிலே விரும்பியபடி பறப்பதையன்று. நிலைகள் மாறினும் மாறாது காணும் ஒன்றை அறிவதையே நாடினர்.

ஆகவே, இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். கனவின் பொருட்டு உறக்கத்தை நாள்தோறும் உடைப்பவன், படித்ததை நினைவில் இருத்தும் ஆற்றலையும் சேர்த்தே உடைக்கிறான். நனவையும் கனவையும் பிரித்தறிவதிலே ஏற்கனவே இடர்ப்படும் உளநோய் உடையோர் இவ்வழியை நாடாதிருத்தலே நலம். வாரத்தில் ஒரு விடியல், மறுநாள் வேலையில்லாத விடியல், இதற்குப் போதும்.

அழையாமல் வரும் கனவு

இதுவரை கூறியது தேடிச் செல்வோரைப்பற்றி. தேடாமலே, பட்டப்பகலில், சில நிமிடங்களுக்குள் நனவிலிருந்து கனவுக்குட் சரிந்துவிடுவோரும் உளர். அவர்களுக்கு அது பேறன்று, நோய்.

பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880இல் இந்நோய்க்குப் பெயரிட்டார். அவர் விவரித்த நோயாளி மதுப் பீப்பாய் விற்கும் வணிகர் ஒருவர். ஆங்கிலத்தில் 'நார்க்கோலெப்சி' எனப்படும் இந்நோயை நாம் 'துயில்வீழ் நோய்' எனலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இது உண்டென்பர். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இளமையிலோ தலைகாட்டுகிறது. மூளையின் அடிப்பகுதியிலே, விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நுண்ணிய கலங்கள் உள்ளன. அப்பொருள் 1998இலேயே கண்டறியப்பட்டது. இந்நோயாளரிற் பெரும்பாலோரிடம் அக்கலங்கள் அழிந்துபோயிருக்கின்றன. அதனால் நனவுக்கும் கனவுக்கும் இடையிலுள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமற்போகிறது. பிறருக்கு ஒன்றரை மணி நேரங் கழித்து வரும் கண்ணசைவு உறக்கம் இவர்களுக்குப் பதினைந்து நிமிடங்களுக்குள் வந்துவிடும். சிரிப்பு மேலிட்டால் முழங்கால் மடிந்து தளர்வதும் உண்டு. உறக்கத்துக்குரிய தசைக்கட்டு நனவினுள் நுழைவதே அது. தெளிகனவும் மற்றோரைக் காட்டிலும் இவர்களுக்கு மிக அதிகம் என்று பரிஸ் நகர ஆராய்ச்சியாளர் 2015இல் வெளியிட்டனர். 2021ஆம் ஆண்டின் கேள்வி-விடைப் பரிசோதனையில், படுத்துச் சில நிமிடங்களிலேயே கனவுக்குட் சென்று, முகத்தசையை அசைத்து விடை தந்த பிரெஞ்சு இளைஞரும் இந்நோய் உடையவரே.

இதைப் படித்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. ஆசிரியத் தொழிலில் நான் புகுந்த தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் ஒரு வரி எழுதி நான் திரும்புமுன் அவன் தலை மேசையிற் சரிந்திருக்கும். ஒருநாள் தட்டி எழுப்பியபோது, "சேர், இப்ப யன்னலுக்குள்ளாலை ஒரு மாடு வந்தது, கனவெண்டு தெரிஞ்சுகொண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான்; சிரித்தவன் முழங்கால் மடிய வாங்கைப் பிடித்துக்கொண்டான். நடிக்கிறான் என்று எண்ணினேன். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவ்வாண்டின் தேர்ச்சி அறிக்கையில் 'சோம்பேறி. பொய் கூறுபவன்' என்று என் கையாலேயே எழுதினேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவனுக்கு இந்த நோய்தான் இருந்ததென்று நான் இன்று துணிந்து கூறமாட்டேன். அதைக் கூற வேண்டியவர் மருத்துவர். ஆனால் ஒன்றை நான் அறிவேன். விறாந்தையில் வயல் வரம்பைக் கண்ட சிறுவனாகிய நான், என்னை எவரும் நம்பமாட்டார்கள் என்று அஞ்சி வாய்மூடி இருந்தேன். அவன் அஞ்சாமல் வாய் திறந்தான். அதே கதையை என்னிடமே வந்து சொன்னான். நம்பியிருக்கக்கூடிய ஒரே மனிதன் அந்த வகுப்பில் நானே. நானும் நம்பவில்லை.

நனவுக்கும் கனவுக்கும் நடுவிலுள்ள வாயிலைப்பற்றி ஆராய்ச்சிக்கூடங்கள் இன்னும் பல உண்மைகளைக் கண்டறியும். ஆசிரியர்களாகிய நமக்கு இப்போதைக்கு ஒன்று போதும். நாளை உங்கள் வகுப்பிலே ஒரு பிள்ளை மீண்டும் மீண்டும் கண்ணயர்ந்தால், எழுந்து நில் என்று சொல்லுமுன், "என்ன கண்டாய்?" என்று அருகிற் சென்று கேளுங்கள், பின்னர் அப்பிள்ளையின் பெற்றோரை அழைத்து ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.